யோசனை: ஒரு சொல்லும் சில நூல்களும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் ‘யோசனை’ என்ற சொல்லுக்கு அகராதிக்காரர் அதிகம் கவனிக்காத ஒரு பொருள் உண்டு. ‘அவளுக்குச் சரியான யோசனை’ என்றால் அவள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று எங்கள் ஊரில் எவரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை, ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வருகிறது, நெஞ்சில் ஏதோ பாரம், பெருமூச்சு. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆறுதல் சொல்வதற்கும் அதே சொல்தான் கைக்கு வரும்: ‘ஒண்டுக்கும் யோசிக்காதை.’ வருத்தத்தின் பெயரை எதிர்மறையாக்கி மருந்தாகக் கொடுத்துவிடுகிறோம். காய்ச்சல்காரனிடம் காயாதே என்று சொல்வதுபோல.

இது எங்களுக்கு மட்டும் வாய்த்த சொல் அல்ல. சிம்பாப்வேயின் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். வட உகண்டாவின் அச்சோலி மக்கள் ‘டுவோ தாம்’, ‘பர்’, ‘குமு’ என்று மூன்று சொற்களை வைத்திருக்கிறார்கள். முதலாவது ஏறக்குறைய ‘நினைப்பு நோய்’. ஹராரேயிலும் உகண்டாவின் அகதி முகாம்களிலும் மனச்சோர்வுக்கு உதவப் போனவர்கள் முதலில் செய்த வேலை இந்தச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டது. நோயின் பெயரைக் கையில் கொண்டுபோய் இறக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த பெயரிலிருந்து தொடங்கினார்கள். தமிழில் எழுதப்பட்டவற்றையும், தமிழரைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் அண்மையில் வரிசையாக வாசித்தபோது என் மனதில் இருந்த அளவுகோல் இதுதான்: ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டால், அந்த வீட்டின் தாய்க்கு இந்த எழுத்து ஏதாவது கொடுக்கிறதா?

நான் மருத்துவன் அல்ல. கணினித்துறையில் ஆலோசகன். மொறட்டுவையில் படித்து, முதுகலைக்கென்று ஆகன் நகருக்கு வந்து, பிறகு வேலை கிடைத்த இடமெல்லாம் சுற்றி, கெல்சென்கிர்ச்சனில் வாடகை குறைவு என்பதால் தங்கிவிட்டவன். எண்பதுகளில் கிழக்குப் பெர்லின் வழியாக வந்து அகதி விண்ணப்பம் போட்டவர்களின் வரலாறு என்னுடையதல்ல. அவர்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவர்களின் கடிதங்களை வாசித்துச் சொல்கிறேன். இந்த வாசிப்பும் அங்கிருந்துதான் வந்தது.

வறிய சமூகம் என்றவுடன் ஆபிரிக்காவையும் வன்னியையும் நினைத்துக்கொள்வது இங்கே ஒரு வழக்கம். ஹான்ஸ் பொக்லர் அறக்கட்டளையின் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கில், ஜேர்மனியிலேயே தலைக்குக் கிடைக்கும் வருட வருமானம் மிகக் குறைந்த நகரம் கெல்சென்கிர்ச்சன்: 16,203 யூரோ. முதலிடத்தில் இருந்த ஸ்ரார்ன்பேர்க் மாவட்டத்தில் 34,987. நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2008இல் மூடப்பட்டது. பக்கத்து பொட்ரொப்பில் 2018 டிசம்பரில் ஜேர்மனியின் கடைசிச் சுரங்கமும் மூடியபோது ஜனாதிபதி வந்து ஒரு கரித்துண்டை வாங்கிக்கொண்டு போனார். எஞ்சியது ஷால்க கால்பந்துக் கழகமும், வேலையில்லாதோர் பட்டியலும், சுரங்கத் தொழிலாளருக்கென்று ஒதுக்கிய சிறு தோட்டத் துண்டுகளும். அந்தத் தோட்டங்களில் இன்று எங்கள் ஆட்கள் கத்தரியும் மிளகாயும் நடுகிறார்கள்.

இங்கே உளச்சிகிச்சைக்குக் காப்புறுதி பணம் கட்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்க மாதக் கணக்கில் காத்திருக்கவேண்டும். இன்னொன்று, பெற்றோருக்கு டொச் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளருக்கு அரச மருத்துவக் காப்புறுதி காசு கொடுக்காது. மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, இருவருக்கும் இடையே பேச்சு மட்டும் இல்லை. வறுமை இப்படியும் வரும்.

முதலில் கைநூல்கள். விக்ரம் பட்டேலின் ‘மனநல வைத்தியர் இல்லாத இடத்தில்’ என்ற ஆங்கிலக் கைநூல் 2003இல் வந்தது. கிராமச் சுகாதார ஊழியருக்காக எழுதப்பட்டது. அதன் பெரிய பலம், அது நோய்ப் பெயர்களிலிருந்து தொடங்காமல் ஆட்கள் வந்து சொல்லும் முறைப்பாடுகளிலிருந்து தொடங்குவது: நித்திரை வரவில்லை, உடம்பு நோகுது, களைப்பாக இருக்குது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே பிடிக்கும். பயனாளர் ‘தரவுத்தள இணைப்பு அறுந்துவிட்டது’ என்று ஒருபோதும் எழுதுவதில்லை. ‘காலையிலிருந்து ஒன்றும் வேலை செய்யவில்லை’ என்றுதான் எழுதுவார். முறைப்பாட்டு வகைகளை நிபுணரின் மொழியில் மட்டும் வைத்தால் பாதி முறைப்பாடு எங்கும் போய்ச் சேராது.

ஆனால் பட்டேலின் நூலில் குடும்பம் பெரும்பாலும் ஊழியரின் கண்ணால்தான் தெரிகிறது. தகவல் தருபவர்கள், மருந்து குடிப்பதைப் பார்த்துக்கொள்பவர்கள், சில வேளைகளில் பிரச்சினையின் காரணம். ஊழியர் போனபிறகு இரவு பத்து மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கவேண்டும் என்பது நூலின் வேலை அல்ல. இதைக் குறை என்று சொல்லமாட்டேன். நூல் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களுக்கு நேர்மையாக இருக்கிறது. எங்கள் பெற்றோருக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள்தான் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஹராரேயில் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு வாங்கு’ இதைவிட நெருக்கமானது. சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு வாங்கு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. 2016இல் வெளியான ஆய்வு அது வேலை செய்கிறது என்று காட்டியது. ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், பதின்ம வயதினர் அல்ல. புலம்பெயர் தமிழ்ப் பேச்சாளர்கள் இதைக் கைதட்டலுக்காக எடுத்தாளும்போது இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது. காணாமல் போகும் இன்னொரு விவரம், அந்தப் பாட்டிமார் ‘யோசிக்காதே’ என்று சொல்லப் பயிற்றப்பட்டவர்கள் அல்லர் என்பது. எதிர்ப்பக்கம்: பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, ஒன்றைத் தெரிவுசெய்து, அடுத்த கிழமைக்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன அடியை அந்த ஆளே கண்டுபிடிக்கச் செய்வார்கள். யோசனையை நிறுத்துவதில்லை, அதற்கு ஒரு பாதை போடுகிறார்கள். எங்கள் அம்மம்மாமாருக்கு அன்பு குறைவில்லை. ஆனால் அறிவுரை சொல்லாமல் அரை மணி நேரம் இருப்பது அவர்களுக்குத் தனியாகப் பழகவேண்டிய ஒரு வித்தை.

உகண்டா ஆய்வு 2007இல் வந்தது. போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த 14 முதல் 17 வயதுவரையான 314 பிள்ளைகள். ஒரு பகுதியினர் உறவுகளை மையமாக வைத்த குழுச் சிகிச்சையில், இன்னொரு பகுதியினர் ஆக்கபூர்வமான விளையாட்டில், மிச்சப்பேர் காத்திருப்புப் பட்டியலில். விளையாட்டு மனச்சோர்வில் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. குழுச் சிகிச்சை பெண்பிள்ளைகளுக்குத் தெளிவாக உதவியது. ஆண்பிள்ளைகளில் உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம் தெரியவில்லை. பிள்ளைக்கு மனம் சரியில்லை என்றவுடன் நீச்சல் வகுப்பிலும் மிருதங்க வகுப்பிலும் சேர்த்துவிடும் பெற்றோர் இதை ஒருமுறை வாசிக்கலாம். அந்தச் சிகிச்சை, துயரத்தை நான்கு வாசல்களால் பார்க்கிறது: இழப்பு, உறவில் பிணக்கு, வாழ்வில் தன் இடம் மாறுவது, தனிமை. மூன்றாவது வாசலில் நான் நின்றுவிட்டேன். பத்து வயதில் தாயின் வருமானவரிக் கடிதத்தை வாசித்துச் சொல்லி, பன்னிரண்டு வயதில் தகப்பனோடு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், வீட்டின் வெளியுறவு அமைச்சராக வளர்ந்த ஒரு பிள்ளைக்குத் தன் இடம் எது?

எங்களைப் பற்றிய எழுத்துக்கு வருகிறேன். தயா சோமசுந்தரத்தின் பெயர் இல்லாமல் இதைப் பேசமுடியாது. ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் இருந்தவர். 1998இல் வெளியான அவருடைய ‘வடுப்பட்ட மனங்கள்’, பின்னர் 2014இல் வந்த ‘வடுப்பட்ட சமூகங்கள்’ ஆகிய இரண்டு ஆங்கில நூல்களின் தலைப்பிலேயே அவருடைய பயணம் தெரிகிறது: மனத்திலிருந்து சமூகத்துக்கு. தனியாளை மட்டும் எடுத்துச் சிகிச்சை செய்யும் மேற்கத்திய முறை எங்களுக்குப் போதாது, இங்கே குடும்பமே ஓர் உடம்புபோல நோகும், ஊரும் நோகும் என்பது அவருடைய வாதம். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் தமிழுக்குச் செய்த இன்னொரு கொடை சொற்கள். மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை: இவை யாழ்ப்பாணத்தில் புழங்கித் தேய்ந்து வழக்காகிவிட்டன. தமிழ்நாட்டில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் நெருக்கடிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்க, எங்களிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது சின்ன விடயம் அல்ல.

இருந்தும் அவருடைய எழுத்தில் எனக்கு ஓர் இடறல் உண்டு. குடும்பம் அங்கே பெரும்பாலும் காயப்பட்ட ஒன்றாகவே வருகிறது. போர் அதைக் குலைத்தது, இடப்பெயர்வு அதைக் குலைத்தது, குலையுமுன் அது பிள்ளையைத் தாங்கும் கட்டமைப்பாக இருந்தது. குடும்பத்துக்குள் இருக்கும் வன்முறையை அவர் அறியாதவர் அல்லர், எழுதியும் இருக்கிறார். ஆனால் வாதத்தின் பாரம் வெளியிலிருந்து வந்த அடியில்தான் விழுகிறது. புலம்பெயர்ந்த வாசகர்கள் அதை இன்னும் எளிதாக்கி எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: எங்கள் குடும்ப முறை நல்லது, போர் கெடுத்தது, வெள்ளைக்காரன் நாடு மிச்சத்தைக் கெடுக்கிறது. மேடையில் இது நன்றாக எடுபடும்.

இதை இடறவைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. கிளவுடியா கட்டானி, ஃபிராங்க் நொய்னர் ஆகியோரும் அவர்களுடைய குழுவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு. சுனாமிக்குச் சற்றுப் பின்னர் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு கேட்டது. போர் தொடர்பான ஒரு சம்பவத்தையேனும் அனுபவித்தவர்கள் 82.4 சதவீதம். வீட்டுக்குள் ஒரு வன்முறைச் சம்பவத்தையேனும் அனுபவித்தவர்கள் 95.6 சதவீதம். கடும் மனச்சோர்வின் வரம்புக்குள் வந்தவர்கள் 19.6 சதவீதம், ஐந்தில் ஒருவர். தகப்பனின் குடி, வீட்டு வன்முறையோடு சேர்ந்து நடந்தது. ‘வீட்டு வன்முறை’ என்ற வகைக்குள் ஒரு குட்டும் வரும், உடம்பில் அடையாளம் விட்ட அடியும் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இந்த நூற்றுக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு எங்கள் பெற்றோரை அரக்கர் ஆக்குவது மோசமான வாசிப்பு. ஆனாலும் போரைவிட வீடு அதிகம் பேரைத் தொட்டிருக்கிறது என்ற வரிசையை எவராலும் மாற்றமுடியாது.

அதே குழுவினர், ஸ்ரீஸ்கந்தராஜாவை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2015இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். போருக்குப் பிந்திய வடக்கில் ஏழு முதல் பதினொரு வயதுவரையான 359 பிள்ளைகள், அவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர்கள். பெரும் துயரங்களைக் கண்ட பிள்ளைகளில், பெற்றோரின் அரவணைப்பைத் தாங்கள் நிறையப் பெறுவதாகச் சொன்னவர்களிடம் அந்தத் துயரம் உள்ளொடுங்கிய பிரச்சினைகளாக மாறுவது குறைவாக இருந்தது. சரிவரச் சொன்னால், பார்த்த கொடுமைக்கும் வரும் பயத்துக்கும் சோர்வுக்கும் இடையே பெற்றோர் ஓர் அணைபோல நிற்கிறார்கள். ஒரே ஒருமுறை எடுத்த அளவை இது, காரணகாரியத்தை நிரூபிக்காது. பிள்ளைகளும் பதின்ம வயதுக்கு முந்தியவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அளக்கப்பட்டது பெற்றோர் எவ்வளவு அன்பு வைத்திருந்தார்கள் என்பது அல்ல. பிள்ளைக்கு அது எவ்வளவு தெரிந்தது என்பது.

2008, 2015 இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போதுதான் எங்கள் குடும்பத்தின் முழு உருவம் கிடைக்கிறது. காயப்படுத்துவதும் அதுதான், தாங்குவதும் அதுதான், பல வீடுகளில் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் செய்கிறார். சோமசுந்தரத்தின் எழுத்தில் இல்லாத கூர்மை இந்த ஆய்வுகளில் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் இல்லாத மனிதர்கள் சோமசுந்தரத்தின் எழுத்தில் இருக்கிறார்கள். அட்டவணைகளில் ஒரு தாயும் பேசுவதில்லை.

பேசினாலும் அது போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்: தகப்பனுக்குக் களஞ்சியமொன்றில் இரவு வேலை, தாய் பள்ளிக்கூடம் துப்புரவாக்குகிறார். மகனுக்குப் பதினாறு வயது. இலையுதிர் காலத்தில் கால்பந்தை விட்டான், பிறகு பள்ளிக்கூடத்தை. குடும்ப வைத்தியரிடம் மூன்று தரம் போனார்கள், மூன்று தரமும் வயிற்று நோவுக்கு. கடைசியில் சிறுவர் மனநலப் பிரிவொன்றில் ஐந்து மாதம் காத்திருந்து இடம் கிடைத்தது. வீட்டில் அவன் எப்படி என்று வைத்தியர் தாயைக் கேட்டார். மொழிபெயர்த்தவள் பதின்மூன்று வயதுத் தங்கை. ‘எந்த நேரமும் யோசனைதான், ஒரே யோசிச்சுக்கொண்டே இருக்கிறான்’ என்று தாய் சொல்லி அழுதிருக்கிறார். தங்கை அதை, அவன் நிறையச் சிந்திப்பான் என்று டொச்சில் சொல்லியிருக்கிறாள். அவள் படிக்கும் பள்ளிக்கூடத்து டொச்சில் அது பாராட்டு. தகப்பன் அந்த அறிக்கையை என்னிடம் வாசித்துக் காட்டக் கொண்டுவந்தார். தாய் மகனைச் சிந்தனை மிக்கவன் என்று வருணிக்கிறார், மிகவும் உணர்ச்சிவசப்படுகிறார் என்று அதில் இருந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேலையைப் பதின்மூன்று வயதுக்குக் கொடுத்தது யார் என்பதுதான் விடயம். அடுத்த சந்திப்புக்கு ஒரு தொண்டு அமைப்பு மூலம் வளர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தோம். அவர் மொழிபெயர்க்குமுன் தாயிடம் ஒரு கேள்வி கேட்டார்: ‘யோசனை எண்டு எதைச் சொல்லுறியள், அக்கா?’ தாய் இருபது நிமிடம் பேசினார்.

எங்கள் புனைகதை இந்தத் தாயை எங்கே வைத்திருக்கிறது? ஜேர்மனியிலிருந்து எழுதிய பார்த்திபனும் பொ. கருணாகரமூர்த்தியும் அகதி வாழ்வின் முதல் தலைமுறையை, அதன் தனிமையையும் கேலியையும், எவரும் எழுதாத நேர்மையோடு எழுதினார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த புலம்பெயர் கதைகளில் பெரும்பான்மை, பிள்ளைகளைத் தொட்டவுடன் தடுமாறுகிறது. பிள்ளை ஒரு பண்பாட்டு வழக்கின் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுகிறது: தமிழ் பேசாத மகன், வெள்ளைக்காரனைக் காதலிக்கும் மகள், குழுச்சண்டைக்குப் போன தம்பி. காரணமில்லாமல் சோர்ந்துபோன ஒரு பதினாறு வயதை நான் இவற்றில் சந்தித்ததில்லை. ஏனென்றால் கதைக்குக் காரணம் வேண்டும். காதல் தோல்வியோ பரீட்சைத் தோல்வியோ செல்லடியோ இல்லாவிட்டால் எங்கள் கதாசிரியனுக்குக் கை ஓடாது.

வீட்டிலும் இதே துப்பறிதல்தான் நடக்கிறது. ‘என்ன நடந்தது? ஆர் என்ன சொன்னது? நாங்கள் உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?’ கடைசிக் கேள்வி கேள்வியே அல்ல. அதற்குப் பதில் சொல்ல முயலும் பிள்ளை பெற்றோர் மீது குற்றம் சாட்டவேண்டும், அல்லது தன் துயரம் பொய் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். மனச்சோர்வுக்குப் பல காரணங்கள் சேர்ந்து வரலாம், தெரியக்கூடிய காரணம் எதுவுமே இல்லாமலும் வரலாம் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. எங்கள் கதைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஜேர்மன் வாசகர்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்த நூல் ஒரு கால்பந்துக்காரனின் வாழ்க்கை வரலாறு. கோல்காப்பாளர் ரொபேர்ட் என்க 2009 நவம்பர் 10ஆம் திகதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. அடுத்த நாள் அவர் மனைவி தெரேசா பத்திரிகையாளர் முன் அமர்ந்து நோயின் பெயரைச் சொன்னார். நண்பரான ரொனால்ட் ரெங் எழுதிய வரலாறு 2010இல் வந்தது. ஷால்க ரசிகர்கள் நிறைந்த இந்த ஊரில், இலக்கியம் என்றால் ஓடிவிடக்கூடிய ஆட்களின் வீடுகளிலும் அந்தப் புத்தகத்தைக் கண்டிருக்கிறேன். ரெங் துப்பறிவதில்லை. என்கவின் முதல் மகள் இதய நோயால் 2006இல் இறந்ததைச் சொல்கிறார், ஆனால் அதை விடையாக நீட்டுவதில்லை. நோய் அதற்கு முன்னரே வந்திருந்தது. நல்ல நாட்களையும் எழுதுகிறார், அவைதான் வாசிக்கக் கடினமானவை.

தமிழ்ப் பெற்றோர் அந்த வரலாற்றில் அறியவேண்டிய இடம் ஒன்று உண்டு. நோய் வெளியே தெரிந்தால் தத்தெடுத்த மகளை அரசாங்கம் திருப்பி எடுத்துவிடும் என்று என்க பயந்தார். நாடறிந்த, பணமுள்ள, டொச் தாய்மொழியான ஓர் ஆளுக்கு அந்தப் பயம். ‘யூகண்ட்அம்ற் வந்து பிள்ளையைக் கொண்டுபோயிடும்’ என்று சொல்லி வைத்தியரிடம் வாய் திறக்காத எங்கள் தாய்மாரை, படிப்பறிவில்லாதவர்கள் என்று சிரிப்பவர்கள் இதை வாசிக்கவேண்டும். சோர்ந்த பிள்ளைக்கு உதவி கேட்டுப் போகும் பெற்றோரிடமிருந்து அதற்காகவே பிள்ளையைப் பறிப்பது அந்த அலுவலகத்தின் வேலை அல்ல. குடும்பத்துக்கு உதவி ஒழுங்கு செய்வதும் அதன் வேலைதான். இதைத் தமிழில் ஒருவர் எழுதி ஒட்டியிருந்தால் எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும்!

தெரேசா அன்று சொன்ன இன்னொன்று 2015 ஆய்வுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டியது. அன்பினால் எல்லாவற்றையும் கடந்துவிடலாம் என்று நினைத்திருந்ததாகவும், எப்போதும் அது முடிவதில்லை என்றும் சொன்னார். அரவணைப்பு காக்கிறது என்ற ஆய்வு முடிவு ஒரு தொகைக் கணக்கு. ஒரு பிள்ளையைக் காக்காமல் போன வீட்டில் அரவணைப்பு இருக்கவில்லை என்று அதிலிருந்து பின்னோக்கிப் போகமுடியாது. எங்கள் சமூகம் சாவீட்டில் நின்றே அப்படிப் போய்விடும்.

குடும்பம் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், நான் வாசித்தவற்றில் உறுதியாக நிற்பவை சில, எல்லாமே ஆடம்பரமில்லாதவை. சாகவேண்டும்போல இருக்கிறதா என்று நேரே கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டாது. கேட்காமல் விடுவதுதான் பிள்ளையைத் தனியாக விடுகிறது. மருந்துகளைப் பூட்டிவைப்பது வேலை செய்யும். இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் ஒரு லட்சத்துக்கு 47 அளவில் உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு பத்தாண்டுக்குள் அது ஏறக்குறைய பாதியாகியது, மனிதர்களின் துயரம் பாதியாகாமலேயே. பிறகு, சின்னச் சின்ன அசைவு. நான் சொன்ன பையனின் தகப்பன் ஞாயிறுகளில் அவனைத் தோட்டத் துண்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். ‘மிளகாய்க்குத் தண்ணி விடவேணும், நீயும் வா’ என்பதுதான் மொத்தப் பேச்சு. இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. பையன் சிகிச்சைக்கும் போகிறான். ஒரு வருடம் பிந்தி அதே வகுப்பில் மறுபடி இருக்கிறான். சில நாட்களில் இன்னும் எழும்புவதில்லை.

ஆசிரியர்களைக் கொண்டு இதைச் செய்துவிடலாம் என்று சங்கங்களின் கூட்டங்களில் கேட்கிறேன். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிக்கூடங்களில் நடந்த, 2018இல் வெளியான ஆய்வு இந்த ஆர்வத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறது: ஒரே திட்டத்தை வெளியிலிருந்து வந்த சாதாரண ஆலோசகர் நடத்தியபோது மனச்சோர்வு குறைந்தது, ஆசிரியரே நடத்தியபோது பயன் தெரியவில்லை. புள்ளி போடுகிறவரிடம் பிள்ளை மனம் திறக்காது என்பது என் ஊகம்.

2015 கட்டுரையை எழுதியபோது கட்டானியும் நொய்னரும் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஹம் வழியாகத்தான் அங்கே போகவேண்டும். காமாட்சி அம்பாள் தேருக்கு எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஹம்மில் இறங்குவார்கள். அதே பாதையில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால், எங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பல வருடமாக எழுதிவந்த மனிதர்களின் பல்கலைக்கழகம். கட்டுரைகள் எவரும் காசில்லாமல் வாசிக்கக்கூடியவை. ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

2015 கட்டுரையை இரண்டு பக்கத் தமிழாக்கிச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். முப்பது வருடமாக அங்கே படிப்பிக்கும் ஆசிரியை சிவப்புப் பேனையோடு வாசித்தார். ‘உள்ளொடுங்கிய நடத்தைப் பிரச்சினைகள்’ என்று நான் போட்டிருந்த இடத்தில் நின்றார்.

“இதென்ன தம்பி, ஆருக்கு விளங்கும்?”

பயம், கவலை, ஒதுங்கியிருப்பது, தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று விளக்கினேன். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காத பிள்ளைகளிடம்தான் இது அதிகம் என்றும், அதனால்தான் பிந்தித் தெரிகிறது என்றும் சொன்னேன். அவர் என் சொல்லை வெட்டிவிட்டு மேலே எழுதினார்: ‘சத்தமில்லாத நல்ல பிள்ளை.’

“இப்பிடிப் போடுங்கோ. என்ர வகுப்பில மட்டும் நாலு தாய்மார் உடன திரும்பிப் பாப்பினம்.”